இரண்டு சூரியன் உலகமும் ஆம்பூர்க் காற்றும்

என் மனைவி திரும்பி வருவாளா மாட்டாளா என்று தெரியாமல் நான் இருந்தது முப்பத்தைந்து நாள். அந்த வருஷம் ஆடி மாதத்துக்கே முப்பத்திரண்டு நாள். அந்த நாட்களில் ஆம்பூருக்கும் காவேரிப்பாக்கத்துக்கும் இடையே போய்வந்த கார்டுகள் எதிலும் அவள் திரும்புவதைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஒரு கார்டைத் தவிர மற்றதிலெல்லாம் மனிதர் யாரும் போயிராத ஒரு உலகத்தைப் பற்றித்தான் எழுதிக்கொண்டோம்.

கல்யாணம் வைகாசியில் நடந்தது. அவள் வீடு காவேரிப்பாக்கத்தில் ஏரிக்கரையிலிருந்து மூன்றாவது வீடு. நெல் விளைவிக்கிற குடும்பம். நான் ஆம்பூரிலேயே பிறந்து வளர்ந்தவன். அம்மா திருப்பத்தூரில் அண்ணன் வீட்டில் இருந்ததால், நாங்கள் இருவர் மட்டும் தோல் பதனிடும் டேனரிக்கு நாலு தெரு தள்ளி ஒரு ஓட்டு வீட்டில் குடித்தனம் வைத்தோம். டேனரியில் எனக்குக் குமாஸ்தா வேலை. பட்டணத்து ஏஜெண்டுகளுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதுவேன். மற்ற நேரத்தில் பட்டணத்துத் தினசரி ஒன்றுக்கு உள்ளூர் நிருபர். தீ விபத்து, பஞ்சாயத்துக் கூட்டம், பாலாற்றில் வெள்ளம் என்று எது நடந்தாலும் எழுதி மாலைத் தபாலில் சேர்ப்பேன். உதவி ஆசிரியர் எனக்கு எழுதிய முதல் கடிதத்தில் இரண்டே வாக்கியங்கள் இருந்தன. பார்த்ததைப் பார்த்த வரிசையில் எழுதும். பார்க்காததை யார் சொன்னார் என்று எழுதும்.

அந்தப் பத்திரிகையில்தான் ஒரு நாள் அரைப் பத்தியளவுக்கு ஒரு குறிப்பு வந்திருந்தது. நட்சத்திரங்கள் எல்லாம் நம் சூரியனைப் போன்றவையே, நம் சூரியனைப் பூமி சுற்றுவது போல அவற்றில் சிலவற்றையும் பூமிகள் சுற்றிவரலாம் என்று சீமையில் சில வித்வான்கள் கருதுகிறார்கள், சில நட்சத்திரங்கள் இரட்டையாகவும் இருக்கின்றன. நம் மெயில் வண்டி எங்கும் நிற்காமல் ஓடினாலும் மிக அருகிலுள்ள நட்சத்திரத்துக்குப் போய்ச்சேரக் கோடிக்கணக்கான வருஷம் ஆகும். இவ்வளவுதான் குறிப்பு. மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தபோது அதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவளும் நாலாவது வரை படித்தவள். பத்திரிகையை வாங்கித் தானே ஒரு முறை படித்தாள்.

"நடுவுல எங்கியும் நிக்காதா?"

"நிக்காது."

"காட்பாடியில கூடவா?" என்றாள். அவள் ஆம்பூருக்கு வந்த வழியில் வண்டி வெகுநேரம் நின்றது காட்பாடியில்தான்.

மறுநாள் சோறு போடும்போது அவளே ஆரம்பித்தாள். "ரெண்டு சூரியன் இருக்குற ஊர்ல ஒண்ணு மறையறப்போ இன்னொண்ணு வந்துட்டா, கோலம் எப்போ போடுவாங்க?"

 அதன்பின் தினமும் மத்தியானம் அந்த உலகத்துக்குப் போய்வந்தோம். நான் நிருபர் கேட்கிற கேள்விகளைக் கேட்பேன். இறங்கினதும் கிழக்கு எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? நிழல் இரண்டு விழுமே, ஒன்று கறுப்பாகவும் ஒன்று மங்கலாகவும் இருக்குமா? அவள் வேறு விதமாகக் கேட்பாள். அங்கே அரிசி வேகுமா, தண்ணீர் உப்பா, பேசினால் அவர்களுக்குப் புரியாவிட்டால் யார் முதலில் சிரிப்பது?

டேனரி மேஸ்திரியிடமும் ஒரு நாள் சொன்னேன். சுண்ணாம்புக் குழிக்கு மேல் குனிந்து மூச்சை இழுத்தே, உள்ளே ஊறுகிற தோலில் மயிர் விட்டுவிட்டதா இன்னும் ஒரு நாள் ஆகணுமா என்று சொல்லிவிடுவார். அவர் கணக்குத் தவறி நான் பார்த்ததில்லை. நான் சொன்னதைக் கவனமாகக் கேட்டார்.

"ரெண்டு வெயிலா? ஆவாது தம்பி. தோலு நிழல்ல காயணும். ரெண்டு பக்கமும் வெயில் அடிச்சா சுருங்கிப் போய்டும்," என்றார். கொஞ்சம் நடந்து போனவர் திரும்பினார். "அங்க மாடு ஜாஸ்தியா, கம்மியா?"

இதையெல்லாம் சேர்த்து ஒரு கட்டுரையாக எழுதி ஞாயிற்றுக்கிழமை அனுபந்தத்துக்கு அனுப்பலாம் என்று எனக்குத் தோன்றியது. தூர நட்சத்திரத்து உலகத்தில் இறங்கிய ஒரு நிருபரின் குறிப்பு. பார்த்ததைப் பார்த்த வரிசையில். நாலு நாள் காலையில் எழுதினேன். முதலில் வெளிச்சம், பிறகு இரண்டு நிழல்கள், பிறகு காலடியில் மண். அதற்குப் பிறகு காற்று. ஆனி மாதக் கடைசியில் ஒரு மத்தியானம் அவளுக்குப் படித்துக் காட்டினேன். அவள் சோற்றுக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அவ்வுலகத்துக் காற்று, நம் ஆம்பூர்க் காற்றைப் போலவே, எவ்வித வாசனையும் இன்றிச் சுத்தமாக இருந்தது" என்ற வரி வந்தது.

அவள் சிரித்தாள். கல்யாணமாகி நாற்பது நாளில் அவள் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். கரண்டியைக் கீழே வைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் தமாஷுக்கு எழுதியிருக்கிறேன் என்று அவள் நினைத்திருந்தாள். அடுத்த வரிக்குப் போகாமல் நான் சிரிக்காமலேயே இருப்பதைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது.

"நெசமாவா எழுதினீங்க?"

"நெசமாத்தான். இன்னா தப்பு?"

 அவள் தட்டில் மோர் ஊற்றிவிட்டுத்தான் சொன்னாள். வந்த அன்றே ஸ்டேஷனில் டேனரி நாற்றத்தில் அவளுக்குக் குமட்டியிருக்கிறது. தண்ணீர் குடித்தால் அதில் இருக்கிறதாம். சோற்றில் இருக்கிறதாம். முந்தானை நுனியில் வெட்டிவேர் முடிந்து வைத்திருந்தாள், அதைக் காட்டினாள். காற்று மலைப் பக்கமிருந்து அடிக்கிற நாளில் மட்டும்தான் வயிறாரச் சாப்பிட்டிருக்கிறாள்.

"தலைக்கு எத்தினி வாட்டி ஊத்தினாலும் போ மாட்டேங்குது. துணியில இருக்குது, தலகாணியில இருக்குது. உங்க சட்டையில. உங்க..." என்று நிறுத்திக்கொண்டாள்.

எனக்குக் கோபம் வந்ததென்று சொன்னால் அது பொய். நம்பிக்கை வரவில்லை, அவ்வளவுதான். பிறந்த நாளிலிருந்து சுவாசித்த காற்று. அதில் ஒன்றும் இல்லை என்பது என் மூக்கு தரும் சாட்சி.

"ஆடிக்கு அப்பா வந்து கூட்டிம்போவாரு," என்றாள். "போனா திரும்பி வருவனான்னு எனக்கே தெரியலை. உங்க மேல ஒண்ணும் இல்லை. சொல்லிட்டுப் போவணும்னு தோணுச்சு."

கல்யாணமான முதல் ஆடியில் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போய்விடுவார்கள். ஆவணி பிறந்ததும் கொண்டுவந்து விடுவார்கள். போன இடத்திலேயே ஏதோ காரணம் சொல்லித் தங்கிவிட்ட பெண்களை எங்கள் தெருவிலேயே எனக்குத் தெரியும்.

மறுநாள் நான் விசாரணையில் இறங்கினேன். முதலில் மேஸ்திரி.

"மேஸ்திரி, நாத்தம் இருக்குதா?"

"எந்தக் குழி?" என்றார்.

"குழி இல்லை. ஊர்ல."

"ஊர்லயா? இன்னா, சாக்கடை அடைச்சிக்கிச்சா?" என்று தெருப்பக்கம் எட்டிப் பார்த்தார். நான் அதற்குமேல் கேட்டபோது அலுத்துக்கொண்டார். "இன்னாத்துக்குப் பேஜார் பண்ணிக்கிறே. புதுசா ஒருத்தி வந்து சோறாக்கி வெச்சிருக்குது, போய்த் துண்ணு."

ரயில்வே பாயிண்ட்ஸ்மேன் ஒருவர் மட்டும், மாற்றலாகி வந்த புதிதில் ஒரு வாரம் ஏதோ இருந்தது போலத்தான் ஞாபகம், பிறகு கவனிக்கவில்லை என்றார். அவரையும் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆடிக்கு முந்தின நாள் மாமனார் வந்தார். தோள் துண்டை மூக்கின் மேல் வைத்தபடியே ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்தார்.

"இன்னா மாமா, ஜலதோஷமா?" என்று கேட்டேன்.

"ஆமா மாப்ள, கொஞ்சம்," என்றார். மகள் அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், உள்ளே போனாள். அன்று மத்தியான வண்டிக்கே கிளம்பினார்கள். முந்தானை முடிச்சில் இருந்த வெட்டிவேரை அவிழ்த்து அடுப்பங்கரை மாடத்தில் வைத்துவிட்டுப் போனாள். மறந்து வைத்தாளா, இனி வேண்டாமென்று வைத்தாளா என்று நான் வெகுநேரம் யோசித்தேன்.

வாரம் ஒரு கார்டு போட்டேன். கார்டு மாமனார் பேருக்குத்தான் போகவேண்டும். அவர் நடுக்கூடத்தில் வைத்து எல்லாருக்கும் கேட்கப் படிப்பார் என்று தெரியும். ஆகவே நலம் விசாரித்துவிட்டு அந்த உலகத்தைப் பற்றியே எழுதினேன். அங்கே மழை பெய்தால் இரண்டு வானவில் வருமா என்று ஒரு வாரம். அங்கிருந்து பார்த்தால் நம் சூரியனும் ஒரு சிறு நட்சத்திரமாகத்தான் தெரியும், ஆம்பூரும் காவேரிப்பாக்கமும் ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும் என்று அடுத்த வாரம். அவளிடமிருந்து ஒரே ஒரு பதில் வந்தது. பென்சிலில், குண்டு எழுத்தில் இருந்தது. "அங்கு இறங்கியவர் முதல் நாள் என்ன சாப்பிட்டார் என்று நீங்கள் எழுதவில்லை. சாப்பிட முடிந்ததா என்றும் எழுதவில்லை."

பதினெட்டாம் பெருக்குக்கு மாமனார் என்னை விருந்துக்கு அழைத்திருந்தார். ஒரு நாள் இருந்துவிட்டு வருவதாகத்தான் போனேன். சாப்பிட்ட அன்றே குளிர்காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். ஆடியில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு கூரையின் கீழ் இருக்கக்கூடாது என்பதால், எதிரே அவள் பெரியப்பா வீட்டுக் கூடத்தில் என்னைக் கிடத்தினார்கள். அவள் காய்ச்சுகிற கஞ்சியைப் பெரியம்மா கொண்டுவந்து கொடுப்பாள். ஜன்னல் வழியாக, அவள் குடத்தோடு ஏரிப் பக்கம் போவதும் வருவதும் தெரியும். பேசிக்கொள்ளவில்லை. ஒன்பது நாள் அங்கே கிடந்தேன். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, வைக்கோல், ஈரமண், ஏரிப்பாசி என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக மூக்கில் ஏறத் தொடங்கியது. காய்ச்சல் விட்டதால் என்று நினைத்துக்கொண்டேன்.

வாலாஜா ரோட்டில் வண்டி ஏறினேன். ஆம்பூர் வந்தபோது வண்டியை வெளிச் சிக்னலில் நிறுத்திவிட்டார்கள். எதிரே உட்கார்ந்திருந்தவர் ஜன்னல் கதவை இழுத்து விட்டுவிட்டுத் துண்டை மூக்கில் வைத்துக்கொண்டார். என் மாமனார் செய்தது போலவே இருந்தது. இவருக்கும் ஜலதோஷமா என்று நான் நினைத்து முடிப்பதற்குள் எனக்கும் அந்த வாடை வந்துவிட்டது.

பையிலிருந்து பென்சிலை எடுத்து, இருந்த காகிதத்தின் பின்பக்கத்தில் குறித்தேன். இரண்டு நாற்பது. முதலில் சுண்ணாம்பு, கண்ணில் காந்துகிற மாதிரி. அதற்கடியில் பச்சைத் தோலும் சீவிப்போட்ட சவ்வும் மயிரும் கெட்ட வாடை. எல்லாவற்றுக்கும் மேல், தோலைப் பதனிட ஆவாரம்பட்டை ஊறின தண்ணீர், புளிப்பும் இனிப்புமாக. வண்டி ஸ்டேஷனுக்குள் போகப் போக அது கூடியது. நான் பிறந்த ஊரில், முன்பின் பார்க்காத ஒரு ஊரில் இறங்குகிறவனைப் போல இறங்கினேன். தெருவில் போகிறவர்கள் எல்லாரும் ஒன்றுமே இல்லாதது போல நடந்தார்கள். ஒருவர் நின்று என்னிடம், காய்ச்சலாமே, இப்போது தேவலையா என்று விசாரித்தார். வாயைத் திறந்து பதில் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருந்தது.

வீட்டைத் திறந்தேன். பானைத் தண்ணீரில் இருந்தது. கொடியில் நான் போட்டுவிட்டுப் போன சட்டையை எடுத்து முகத்தருகே கொண்டுபோனேன். அவள் நிறுத்திக்கொண்ட வாக்கியத்தின் மிச்சம் அதில் இருந்தது.

மாடத்திலிருந்த வெட்டிவேரை எடுத்து முகர்ந்து பார்த்தேன். அதிலும் ஏறியிருந்தது.

இதை எழுதிவிடவேண்டும் என்று இரண்டு தரம் உட்கார்ந்து இரண்டு தரமும் எழுந்துவிட்டேன். எழுதினால் கார்டுதான். படிக்கப்போவது மாமனார். மகளைத் திருப்பி அனுப்பாமல் இருக்க அவருக்கு ஒரு காரணம் தேவையென்றால், அதை நானே கையெழுத்துப் போட்டுத் தபாலில் அனுப்பினதாகும். கவரில் போடலாம். ஆனால் பெண்ணுக்கு மாப்பிள்ளை கவர் போட்டால் அதற்கும் பத்துப் பேர் விளக்கம் கேட்பார்கள், பிரிக்காமல் அவள் கையில் போகாது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

காலையில் கண் விழித்தபோது வாடை மெலிந்திருந்தது. பல் விளக்கி முடிப்பதற்குள் அதைத் தேடவேண்டியிருந்தது. ஸ்டேஷன் வரைக்கும் நடந்துபோய்த் திரும்பி வந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. மறுபடியும் ஆம்பூர்க் காற்று சுத்தமாகிவிட்டது. அப்போதுதான், இதை இப்போதே எழுதாவிட்டால் நாளைக்கு நானே என்னை நம்பமாட்டேன் என்று பட்டது. தபாலாபீசில் நின்றபடியே எழுதினேன்.

"ஆம்பூரில் நாற்றம் இருக்கிறது. நேற்று இரண்டு நாற்பதிலிருந்து இன்று காலை ஏழு மணி வரை எனக்கு இருந்தது. முதலில் சுண்ணாம்பு, பிறகு தோல், பிறகு பட்டை. தண்ணீரிலும் என் சட்டையிலும் இருந்தது. நான் நேற்று சாப்பிடவில்லை. நீ சொன்னது எல்லாம் சரி."

அதற்குப் பதில் வரவில்லை. ஆடியின் மிச்ச நாட்களில் தபால்காரர் எங்கள் தெருவுக்குள் நுழைந்த ஒவ்வொரு தடவையும் எனக்குத் தெரியும். மேஸ்திரிகூட ஒரு நாள் கேட்டார். "இன்னா, நட்சத்திரத்துக்குக் கடுதாசி போட்டுட்டுக் காத்துன்னு இருக்கியா?"

ஆவணி முதல் தேதி மத்தியான வண்டிக்கு ஸ்டேஷனுக்குப் போனேன். யாரும் இறங்கவில்லை. இரண்டாம் தேதியும் போனேன். மூன்றாம் தேதி டேனரியில் கப்பலுக்குப் போகவேண்டிய கடிதங்கள் இருந்ததால் போக முடியவில்லை. மாலையில் வீட்டுக்கு வந்தால் கதவு திறந்திருந்தது. மாமனார் துண்டை மூக்கில் வைத்தபடி வாசலில் நின்றிருந்தார். நான் இந்த முறை ஜலதோஷமா என்று கேட்கவில்லை. அவரும் துண்டை எடுக்கவில்லை. இருவருக்கும் அதில் ஒரு நிம்மதி இருந்தது.

அவர் போனபிறகு அவளிடம் கேட்டேன். "கார்டு வந்துச்சா?"

"வந்துச்சு. அப்பா ரெண்டு வாட்டி படிச்சாரு. 'மாப்ளையே எழுதிக் குடுத்துட்டாரு, இனிமே உன்னை யாரும் குத்தம் சொல்ல முடியாது, இங்கியே இருந்துடு'ன்னாரு."

"நீ இன்னா சொன்னே?"

அவள் மாடத்தைப் பார்த்தாள். வெட்டிவேர் அங்கேயே இருந்தது. "எனக்கு மட்டும்தான் நாறுதுன்னு ரெண்டு மாசம் இருந்தேன். பைத்தியம் புடிச்சிருமோன்னு இருந்துச்சு. உங்களுக்கும் ஒரு நாள் நாறுச்சுன்னா அப்போ அது ஊரு நாத்தம்தானே. ஊரு நாத்தத்துல இருந்துடலாம்." பிறகு சொன்னாள். "ஒரு நாளைக்கே சோறு எறங்கலை உங்களுக்கு. அந்தக் கட்டுரையை எடுங்க. நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். வெளிச்சத்தையும் நிழலையும் பின்னுக்குத் தள்ளிவிட்டாள். ஒரு புது உலகத்தில் கால் வைத்தால் கண்ணுக்கு முன்னால் மூக்குதான் அதைச் சந்திக்கும் என்பது அவள் வாதம். பார்வைக்கு அழகாக இருந்தாலும் முதல் வேளை சோறு இறங்காது. அங்கே இருக்கிறவர்களுக்கு அது தெரியாது, நம்மைப் பார்த்து உடம்புக்கு முடியலையா என்று விசாரிப்பார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. நம்மிடம் ஒரு வாடை வீசுகிறதே என்று அவர்களும் சொல்லாமல் இருப்பார்கள். இந்தக் கடைசி வரியை அவள் சொன்னபோது நான் பேனாவை நிறுத்தினேன். "உன்கிட்டயா? ஒண்ணும் இல்லையே," என்றேன். "இருந்துச்சு," என்றாள். "ஏரி வாசனை. இங்க வந்து போய்டுச்சு."

கட்டுரை அனுபந்தத்தில் வந்தது. இரண்டு சூரியனும் இரண்டு நிழலும் இருந்தன. மூக்கைப் பற்றிய பாரா முழுதும் இல்லை. கண்டவர் யார் என்று உதவி ஆசிரியர் கேட்டிருப்பார், அல்லது இடம் போதவில்லை. அவள் அதைப் படித்துவிட்டு, "இவரும் ஆம்பூரா?" என்று கேட்டாள்.

இரண்டு வருஷம் கழித்துப் பொங்கல் சீரோடு மாமனார் வந்தார். வழக்கம்போலத் துண்டு மூக்கில் இருந்தது. அவள் கையில் குழந்தையோடு வாசலுக்கு வந்தாள்.

"இன்னாப்பா, ஜலதோஷமா?" என்றாள்.

மாமனார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கேட்டது என்ன என்று அவளுக்கும் அடுத்த கணம் தெரிந்துவிட்டது. குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய், காற்று வருகிற பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். வெகுநேரம் நின்றாள். திரும்பி வந்தபோது, ஒன்றும் தெரியவில்லை என்று தலையை மட்டும் அசைத்தாள். அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்குக் காரணம் வாடை இல்லை.

அதன்பின் பத்திரிகையிலேயே எனக்கு வேலை கிடைத்துப் பட்டணத்துக்குக் குடிவந்துவிட்டோம். திருப்பத்தூருக்கு அண்ணன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஆம்பூரைத் தாண்டித்தான் வண்டி போகும். வெளிச் சிக்னல் வந்ததும் வண்டியில் இருப்பவர்கள் வரிசையாக ஜன்னல் கதவுகளை இறக்குவார்கள். எங்கள் ஜன்னலை மட்டும் அவள் ஏற்றிவிடுவாள். எதிரே இருப்பவர்கள் முறைப்பதைப் பொருட்படுத்தமாட்டாள். போன தடவையும் அப்படித்தான், தலையை வெளியே நீட்டி மூச்சை இழுத்தாள்.

"முதல்ல பட்டைதான் வருது," என்றாள். "சுண்ணாம்பு அப்புறம். நீங்க கார்டுல தப்பா எழுதிட்டீங்க."

நான் என் பங்குக்குத் தலையை நீட்டிப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி.